தி ஜாம் இசைக்குழுவின் சிங்கிள் தட்டுகள், 1980–1982: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தி ஜாம் குழுவினர் யார்? எண்பதுகள் தொடங்கும்போது அவர்கள் எங்கே நின்றார்கள்?

இங்கிலாந்தில் லண்டனுக்குத் தென்மேற்கே, சரே வட்டாரத்தில் உள்ள வோக்கிங் என்னும் ஊரில் பள்ளிப் பருவத்திலேயே உருவான குழு இது. பெரும்பாலான பாடல்களை எழுதிப் பாடியவரும் கிட்டார் வாசித்தவரும் பால் வெல்லர். பேஸ் கிட்டாரும் துணைக்குரலும் புரூஸ் ஃபாக்ஸ்டனுடையவை. டிரம்ஸ் ரிக் பக்லர். வெல்லரின் தந்தை ஜான் வெல்லர் கடைசிவரை குழுவின் மேலாளராக இருந்தார். 1977-ன் தொடக்கத்தில் பாலிடோர் நிறுவனம் 6,000 பவுண்டு முன்பணத்தில் அவர்களை ஒப்பந்தம் செய்தது.

எழுபதுகளின் பங்க் என்னும் முரட்டு ராக் இசை அலையோடு சேர்ந்து வந்தவர்கள் என்றாலும், கிழிந்த உடையும் ஊக்கும் அவர்களுக்கு உகந்தவையாக இருக்கவில்லை. கறுப்புக் கோட்டும் மெல்லிய டையும் அணிந்து, அறுபதுகளின் தி ஹூ, தி கிங்க்ஸ் போன்ற குழுக்களை வெளிப்படையாகவே முன்மாதிரியாகக் கொண்டார்கள். 1979-ன் இறுதியில் 'தி ஈட்டன் ரைஃபிள்ஸ்' பிரிட்டிஷ் தரவரிசையில் மூன்றாம் இடம்வரை சென்றது. முதல் பத்துக்குள் நுழைந்த அவர்களுடைய முதல் பாடல் அதுதான்.

முழு ஆல்பங்கள் இருக்கும்போது சிங்கிள்களை மட்டும் ஏன் தனியே பிரித்துப் பேச வேண்டும்?

ஏழு அங்குல அகலமும் நிமிடத்துக்கு 45 சுற்றுமாக, பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட தட்டுக்குத்தான் சிங்கிள் என்று பெயர். பல குழுக்களுக்கு அது ஆல்பத்தை விற்பதற்கான விளம்பரத் துண்டு மட்டுமே. ஆல்பத்திலிருந்து ஒரு பாடலைப் பிய்த்தெடுத்து வானொலிக்குக் கொடுப்பார்கள். அது ஓய்ந்ததும் அடுத்ததைப் பிய்ப்பார்கள். தி ஜாம் குழுவினர் பழைய பிரிட்டிஷ் வழக்கத்தைக் கைவிடாதவர்கள். அந்த வழக்கப்படி சிங்கிள் என்பது தன்னளவில் முழுமையான படைப்பு. அதை ஏற்கெனவே வாங்கியவரை ஆல்பத்தில் இன்னொருமுறை வாங்கவைப்பது முறையல்ல.

எண்பதுகளில் அவர்கள் பிரிட்டனில் வெளியிட்ட ஏழு சிங்கிள்களில் ஐந்தின் முதன்மைப் பாடல்கள் எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் இடம்பெறவில்லை: 'கோயிங் அண்டர்கிரவுண்ட்', 'ஃபியூனரல் பையர்', 'ஆப்சல்யூட் பிகின்னர்ஸ்', 'தி பிட்டரஸ்ட் பில்', 'பீட் சரண்டர்'. ஆகவே அந்த மூன்று ஆண்டுகளின் இரண்டு ஆல்பங்களை மட்டும் கேட்டவர் குழுவின் பாதி வரலாற்றைத் தவறவிட்டவர். இதைவிட முக்கியமான காரணமும் ஒன்று உண்டு. மூன்று கருவிகளுக்குள் அடங்கிய ஓர் ஓசையிலிருந்து வெல்லர் எப்படிப் படிப்படியாக வெளியேறினார் என்பது ஆல்பங்களைவிட சிங்கிள்களை வரிசையாகக் கேட்கும்போதுதான் துலக்கமாகத் தெரிகிறது. பிரிவு திடீரென்று நேர்ந்ததாகச் சொல்பவர்கள் அந்த வரிசையைக் கவனிக்காதவர்கள்.

அந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்தத் தட்டுகள் வந்தன? எந்தெந்த இடத்தைப் பிடித்தன?

1980 மார்ச்சில் வந்த 'கோயிங் அண்டர்கிரவுண்ட்' முதலிடம் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 'ஸ்டார்ட்!' தட்டும் செப்டம்பர் தொடக்கத்தில் முதலிடத்துக்கு ஏறியது. 1981-ல் மே மாத இறுதியில் 'ஃபியூனரல் பையர்', அக்டோபரில் 'ஆப்சல்யூட் பிகின்னர்ஸ்' என்று இரண்டு வந்தன. இரண்டுக்குமே நான்காம் இடம். 1982 ஜனவரி இறுதியில் வந்த 'டவுன் கால்டு மாலிஸ்' மீண்டும் முதலிடம். செப்டம்பரில் 'தி பிட்டரஸ்ட் பில்' இரண்டாம் இடத்தோடு நின்றது. நவம்பர் இறுதியில் வந்த 'பீட் சரண்டர்' முதலிடத்தில் முடித்துவைத்தது.

இவற்றோடு வெளிநாட்டு இறக்குமதியாக வந்து தரவரிசையில் ஏறிய இரண்டையும் சேர்க்க வேண்டும்: 1981 தொடக்கத்தில் 21-ஆம் இடம் பெற்ற 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்', 1982 ஜூலையில் எட்டாம் இடம் பெற்ற 'ஜஸ்ட் ஹூ இஸ் தி 5 ஓ'க்ளாக் ஹீரோ?'. இறக்குமதி என்பதன் பொருள் கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

'கோயிங் அண்டர்கிரவுண்ட்' நேராக முதலிடத்தில் நுழைந்தது என்கிறார்கள். அதில் அப்படியென்ன வியப்பு?

இப்போது ஒரு பாடல் வெளியான வாரத்திலேயே உச்சத்தில் நிற்பது வாடிக்கையாகிவிட்டது. அன்று நிலைமை வேறு. ஒரு தட்டு முப்பதாவது இடத்திலோ நாற்பதாவது இடத்திலோ நுழையும். வானொலியில் ஒலித்து, தொலைக்காட்சியில் தோன்றி, வாரத்துக்கு வாரம் மெல்ல ஏறும். தரவரிசையைக் கணக்கிட்ட பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பியூரோ, தேர்ந்தெடுத்த கடைகளில் விற்கும் தட்டுகளை ஏடுகளில் குறித்துவைக்கச் சொல்லி, வாரந்தோறும் அவற்றைத் திரட்டி வரிசை போட்டது. செவ்வாய்க்கிழமை பிபிசி ரேடியோ 1 அதை அறிவித்தது. முதல் வாரத்திலேயே உச்சத்தை எட்ட வேண்டுமானால், பாடல் பரவலாகக் கேட்கப்படும் முன்பே ஏராளமானோர் கடைக்குச் சென்று வாங்கியிருக்க வேண்டும். 1973 கிறிஸ்துமஸ் காலத்தில் ஸ்லேடு குழுவின் பாடல் அவ்வாறு நுழைந்த பிறகு ஆறு ஆண்டுகளுக்கு மேலாக எவருக்கும் அது வாய்க்கவில்லை.

இதற்குக் குழுவின் ரசிகர்களே காரணம். அவர்கள் பாடலைக் கேட்டுவிட்டு வாங்குபவர்கள் அல்லர். குழுவின் பெயருக்காகவே வெளியீட்டு நாளன்று வாசலில் நிற்பவர்கள். போதாக்குறைக்கு, முதலில் அச்சான பிரதிகளோடு மேடை நிகழ்ச்சிப் பதிவுகள் கொண்ட இன்னொரு தட்டையும் பாலிடோர் இணைத்துக் கொடுத்தது. முதலிடச் செய்தி வந்தபோது குழுவினர் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். எஞ்சிய நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு, பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் தோன்றுவதற்காகக் கான்கார்ட் விமானத்தில் ஊர் திரும்பினார்கள். பாடல் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது.

அந்தப் பாடல் எதைப் பற்றியது?

தன்னைச் சுற்றியுள்ளவர்கள் கிடைத்ததோடு நிறைவடைந்து தலையாட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு வெறுத்த ஓர் இளைஞன், அவர்களை விட்டு விலகித் தலைமறைவாகப் போகிறேன் என்று அறிவிப்பதுதான் பாடல். பின்னணியில் பனிப்போர் இருக்கிறது. 1979 மே மாதம் மார்கரெட் தாட்சர் பிரதமராகியிருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க ஏவுகணைகளை மேற்கு ஐரோப்பாவில் நிறுத்த நேட்டோ முடிவு செய்திருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கான இயந்திரங்களின் இடத்தில் ராக்கெட்டுகளும் துப்பாக்கிகளும் வந்து அமரும் என்று பாடலில் ஓரிடம் வருகிறது. அந்த ஆண்டின் வரவுசெலவு விவாதத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இத்தகைய வரிகளைக் கொண்ட பாடல், நாடு முழுவதும் பார்க்கும் வாராந்தர இசை நிகழ்ச்சியில் முதலிடப் பாடலாக ஒலித்ததுதான் இதன் சுவை.

அது இரட்டை முதற்பக்கத் தட்டு என்பது தவறுதலாக நேர்ந்ததா?

ஆம். முதற்பக்கம் என்பது தட்டின் முதன்மைப் பாடல் உள்ள பக்கம். மறுபக்கத்தில் உள்ள 'ட்ரீம்ஸ் ஆஃப் சில்ட்ரன்' பாடலே முதற்பக்கமாக இருக்க வேண்டும் என்று குழுவினர் எண்ணியிருந்தார்கள். தட்டு அச்சாகும் ஆலையில் ஏற்பட்ட குழப்பத்தால் இரண்டும் முதற்பக்கம் என்ற அடையாளத்தோடு வெளிவந்தன. வானொலி அறிவிப்பாளர்கள் இரண்டில் எளிதில் மனத்தில் தங்குவதைத் தேர்ந்துகொண்டார்கள்.

'ட்ரீம்ஸ் ஆஃப் சில்ட்ரன்' தாழ்ந்த பாடல் அன்று. குழுவின் முந்தைய பாடல் ஒன்றின் ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டு, அந்த விசித்திர ஓசையையே தொடக்கமாக வைத்திருக்கிறார்கள். 1966-ஆம் ஆண்டு வாசனை அதில் வீசுகிறது. அடுத்து வந்த 'ஸ்டார்ட்!' எங்கிருந்து முளைத்தது என்று தேடுபவர்கள் இந்தப் பக்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

தொலைக்காட்சியில் வெல்லர் ஏப்ரன் கட்டிக்கொண்டு தோன்றியது உண்மையா?

உண்மைதான். ஹெய்ன்ஸ் தக்காளி சூப் படம் அச்சிட்ட சமையல் ஏப்ரனை அணிந்துகொண்டு அவர் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' அரங்குக்கு வந்தார். பிபிசியில் விளம்பரத்துக்கு இடமில்லை என்பதால் அதை முன்பின்னாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு பாடினார். தி ஹூ குழு 1967-ல் வெளியிட்ட ஓர் ஆல்பத்தின் அட்டையில் பாடகர் ரோஜர் டால்ட்ரி அதே நிறுவனத்தின் அவித்த பீன்ஸில் மூழ்கி அமர்ந்திருப்பார். வெல்லரின் இலக்கு அதுதான் என்று கொள்வதில் தவறில்லை.

'ஸ்டார்ட்!' பீட்டில்ஸ் பாடலின் நகல் என்று குற்றம் சாட்டுகிறார்களே?

பீட்டில்ஸ் குழுவின் 1966-ஆம் ஆண்டு ஆல்பமான 'ரிவால்வர்' தொடங்குவது ஜார்ஜ் ஹாரிசனின் 'டாக்ஸ்மேன்' பாடலோடு. 'ஸ்டார்ட்!' பாடலின் பேஸ் ஓட்டமும் கிட்டாரின் வெட்டும் அதிலிருந்து வந்தவை என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் எவருக்கும் அது விளங்கும். மறைத்துக்கொள்ளும் முயற்சி எதுவும் பாடலில் இல்லை. அந்தக் காலத்தில் வெல்லர் 'ரிவால்வர்' ஆல்பத்தை ஓயாது கேட்டுக்கொண்டிருந்தார். அதன் கசிவு இது.

ஆனால் அந்தத் தாளத்தின் மேல் அவர் வைத்திருக்கும் பொருள் முற்றிலும் வேறானது. ஹாரிசன் வரி வசூலிப்பவரைச் சாடினார். வெல்லரோ, பெயர் தெரியாத இருவர் இரண்டு நிமிடம் பேசிக்கொண்டு, ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டுவிட்டால் அதுவே ஒரு தொடக்கம் என்கிறார். பாடலும் ஏறத்தாழ இரண்டேகால் நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

'ப்ரெட்டி கிரீன்' என்ற வேறொரு பாடலைச் சிங்கிளாக வெளியிடலாம் என்று நிறுவனம் கருதியது, குழு ஏற்கவில்லை. முதலிடத்தில் அமர்ந்திருந்த டேவிட் போவியின் 'ஆஷஸ் டு ஆஷஸ்' பாடலை 'ஸ்டார்ட்!' இறக்கியது. ஒரே வாரத்தில் தானும் இறங்கியது. 1980 நவம்பரில் வந்த 'சவுண்ட் அஃபெக்ட்ஸ்' ஆல்பத்தில் உள்ள பதிவு சற்று மாறுபட்டது. அதன் இறுதியில் ட்ரம்பெட் சேர்ந்திருக்கும்.

பிரிட்டனிலேயே வெளியாகாத 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்' பிரிட்டிஷ் தரவரிசையில் ஏறியது எப்படி?

'சவுண்ட் அஃபெக்ட்ஸ்' ஆல்பத்தில் உள்ள இந்தப் பாடலை ஜெர்மனியில் மட்டும் சிங்கிளாக வெளியிட்டார்கள். மறுபக்கத்தில் 'டவுன் இன் தி டியூப் ஸ்டேஷன் அட் மிட்நைட்' பாடலின் மேடைப் பதிவு இருந்தது. ஆல்பம் கையில் இருந்தும் ரசிகர்கள் ஜெர்மன் தட்டை இறக்குமதி செய்த கடைகளில் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். இறக்குமதித் தட்டு விற்றாலும் அது கணக்கில் சேரும் என்பதால் 21-ஆம் இடம்வரை சென்றது. உள்நாட்டு விளம்பரம் ஏதுமின்றி, இறக்குமதிக் கடைகளின் வழியாக மட்டும் ஒரு தட்டு அந்த உயரத்தைத் தொடுவது அரிது.

பாடலைப் பற்றிச் சில வார்த்தைகள். மதுக்கடையிலிருந்து வீடு திரும்பிய ஓர் இரவில் பத்து நிமிடத்தில் எழுதியது என்று வெல்லர் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். நம்பத்தக்கதுதான்; ஏனெனில் அதில் கதையே இல்லை. காவல் வண்டியின் அலறல், உடையும் கண்ணாடி, அழும் குழந்தை, ஈரச் சுவர், வேலைக்கு விடியும் காலை என்று நகரத்தின் ஓசைகளையும் மணங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டு, இதுதான் கேளிக்கை என்று ஒவ்வொரு முறையும் தலைப்பைச் சொல்லி நிறுத்துகிறார். வாசிப்பது ஏறத்தாழ முழுவதும் மின்னிணைப்பில்லாத சாதாரண கிட்டார். கூச்சலிட்டே பெயரெடுத்த குழு குரலைத் தாழ்த்தியபோது கிடைத்த இந்தப் பாடல்தான், என் கணிப்பில், வெல்லர் அந்த ஆண்டுகளில் எழுதியவற்றுள் மிகச் சிறந்தது. அதைச் சிங்கிளாக உள்நாட்டில் வெளியிடாததற்காக வருந்துவதா, வெளியிடாததால் கிடைத்த பெருமையை எண்ணி மகிழ்வதா என்று ரசிகர்கள் இன்றும் முடிவு செய்யவில்லை.

'ஃபியூனரல் பையர்' தட்டை ஏன் பலர் விரும்புவதில்லை?

முணுமுணுப்பதற்கு ஏற்ற மெட்டு அதில் இல்லை. படை அணிவகுப்புபோல இடைவெளியின்றி உருளும் ரிக் பக்லரின் டிரம்ஸ்தான் பாடலின் உடல். அதன் மேல் ஃபாக்ஸ்டனின் பேஸ் கனமாக மோதுகிறது. குரல் அவற்றுக்குள் அமிழ்ந்தே கிடக்கிறது. மூவரும் சேர்ந்து அமைத்ததால் மூவரின் பெயராலும் வெளிவந்த பாடல் இது. எளியவர்களைத் தீயிலிட்டு வலியவர்கள் குளிர்காயும் சிதையைப் பாடல் காட்டுகிறது. அந்த ஏப்ரலில் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் கலவரம் வெடித்திருந்தது; ஜூலையில் லிவர்பூல் உள்ளிட்ட பல நகரங்களில் அதுவே தொடர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் வந்த தட்டு என்று அறிந்து கேட்கும்போது அதன் ஓசை வேறுவிதமாகப் படும்.

இதுவரை உடனிருந்த ஒலித் தயாரிப்பாளர் விக் காப்பர்ஸ்மித்-ஹெவனுக்குப் பதிலாகப் பீட்டர் வில்சன் பொறுப்பேற்றது இந்தத் தட்டில்தான். ஒலிக்கலவை கலங்கலாக இருக்கிறது என்ற குறை அப்போதே எழுந்தது. 1983-ல் 'ஸ்னாப்!' தொகுப்பில் சேர்க்கும்போது மறுகலவை செய்துதான் சேர்த்தார்கள். மறுபக்கத்தில் தி ஹூ குழுவின் 'டிஸ்கைசஸ்' பாடலைத் தாங்களே பாடியிருக்கிறார்கள்.

மூவர் குழுவாக அவர்கள் எட்டிய கடைசி எல்லை இது என்றே நான் கருதுகிறேன். இதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தட்டிலும் நான்காவதாக ஒரு கருவியோ குரலோ வந்து சேர்கிறது.

'ஆப்சல்யூட் பிகின்னர்ஸ்' என்ற தலைப்பு எங்கிருந்து வந்தது?

காலின் மக்கின்னஸ் 1959-ல் வெளியிட்ட லண்டன் நாவலின் பெயர் அது. பாடல் நாவலின் கதையைச் சொல்லவில்லை; இளமையை வீணாக்காதே என்ற தூண்டுதலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முதன்முறையாக முன்வரிசைக்கு வந்துவிட்டன. பாடல் உற்சாகமானது, ஆனால் ஆழமானது அன்று.

தட்டைத் திருப்பினால் கிடைக்கும் 'டேல்ஸ் ஃப்ரம் தி ரிவர்பேங்க்' வேறு தரம். வோக்கிங்கைச் சுற்றியுள்ள ஆற்றங்கரைகளிலும் வயல்வெளிகளிலும் கழிந்த சிறுவயதை, கலைந்த கனவொன்றை மீட்பதுபோல் வெல்லர் அதில் நினைவுகூர்கிறார். பின்பக்கத்தில் ஒளித்துவைத்த இந்தப் பாடல் முன்பக்கத்துப் பாடலைவிட நீண்ட காலம் ரசிகர்களோடு வாழ்ந்துவருகிறது.

'டவுன் கால்டு மாலிஸ்' எந்த ஊரைப் பற்றியது?

பெரும்பாலும் வோக்கிங்தான், ஆனால் 1982-ல் பிரிட்டனின் எந்தச் சிற்றூரும் தன்னை அதில் காணலாம். நெவில் ஷூட் எழுதிய 'எ டவுன் லைக் ஆலிஸ்' நாவலின் பெயரைத் திருகி, ஆலிஸ் இருந்த இடத்தில் வன்மம் என்று பொருள்படும் சொல்லை வைத்தார். அந்த ஜனவரியில்தான் நாட்டின் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. பால்பண்ணை முற்றத்தில் ஓடாமல் கிடக்கும் பால் வண்டிகள், பீரைக் குறைப்பதா பிள்ளைகளின் புதுத் துணியைக் குறைப்பதா என்று திணறும் குடும்பம் என்று அந்தச் செய்தியின் உள்ளே இருந்த வீடுகளைப் பாடல் திறந்துகாட்டுகிறது.

வியப்பு என்னவென்றால், இத்தனை துயரமும் துள்ளலான ஆட்டப் பாடலில் அமர்ந்திருக்கிறது. தி சுப்ரீம்ஸ் 1966-ல் பாடிய 'யூ கான்ட் ஹரி லவ்' பாடலின் தாளக்கட்டை ஒட்டிய பேஸ் ஓட்டம், அதற்கு மேல் ஆர்கன். அமெரிக்கக் கறுப்பின இசையான மோட்டவுன் பாணி, வடக்கு இங்கிலாந்தின் ஆடரங்குகளில் உழைக்கும் இளைஞர்கள் விடிய விடிய ஆடிய இசை. அவர்களைப் பற்றிய பாடலை அவர்கள் ஆடும் தாளத்திலேயே கொடுத்ததுதான் வெல்லரின் கெட்டிக்காரத்தனம்.

அந்தத் தட்டின் முதலிடத்தை எதிர்த்து இன்னொரு நிறுவனம் புகார் செய்ததா?

செய்தது. தட்டு ஏழு அங்குலத்திலும் பன்னிரண்டு அங்குலத்திலும் வந்தது. ஏழு அங்குலத்தில் ஸ்டுடியோ பதிவு. பன்னிரண்டு அங்குலத்தில் 1981 டிசம்பரில் லண்டன் ஹேமர்ஸ்மித் பலே (Palais) அரங்கில் எடுத்த மேடைப் பதிவு. பாடல் ஒன்றே ஆனாலும் பதிவுகள் வெவ்வேறு என்பதால் தீவிர ரசிகர்கள் இரண்டையும் வாங்கினார்கள். இரண்டின் விற்பனையும் ஒன்றாகவே கூட்டப்பட்டது. அப்போது தி ஸ்ட்ராங்லர்ஸ் குழுவின் 'கோல்டன் பிரவுன்' இரண்டாம் இடத்தில் காத்திருந்தது. அதை வெளியிட்ட ஈஎம்ஐ நிறுவனம், ஒரே ரசிகர் இருமுறை வாங்கிய தட்டை இருமுறை எண்ணுவது முறையல்ல என்று வாதிட்டது. வாதம் எடுபடவில்லை. 'டவுன் கால்டு மாலிஸ்' மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. 'கோல்டன் பிரவுன்' இரண்டாம் இடத்தோடு நின்றது.

நியாயமாகப் பார்த்தால் ஈஎம்ஐ சொன்னதில் பொருள் இல்லாமல் இல்லை. 'கோல்டன் பிரவுன்' அந்த ஆண்டின் மிக அழகான பாடல்களுள் ஒன்று. இதை எழுதுபவர் தி ஜாம் பக்கம் சாய்ந்தவர் என்பதை வாசகர் கணக்கில் கொள்க. ஒரே பாடலை நான்கைந்து வடிவங்களில் விற்று ஏணி ஏறும் உத்தி பின்னாளில் எல்லா நிறுவனங்களுக்கும் பழகிப்போயிற்று.

மறுபக்கத்தில் உள்ள 'பிரெஷஸ்' பாடலையும் முதற்பக்கமாகக் கருத வேண்டுமா?

வேண்டும். இரட்டை முதற்பக்கத் தட்டாகவே அதை வெளியிட்டார்கள். 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' ஒரே நிகழ்ச்சியில் இரண்டு பாடல்களையும் பாடவிட்டது. பீட்டில்ஸுக்குப் பிறகு அந்த மரியாதை கிடைத்த முதல் குழு இதுதான் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. 'பிரெஷஸ்' முழுக்க முழுக்க ஃபங்க் என்னும் அமெரிக்கக் கறுப்பின ஆட்ட இசைப் பாணி. ட்ரம்பெட் கலைஞர் ஸ்டீவ் நிக்கலும் சாக்ஸபோன் கலைஞர் கீத் தாமஸும் இந்தக் காலத்தில் குழுவோடு மேடையேறினார்கள். இரண்டு பாடல்களும் இடம்பெற்ற 'தி கிஃப்ட்' ஆல்பம் 1982 மார்ச்சில் வந்தது. ஆல்பங்களின் பட்டியலில் அவர்கள் முதலிடம் பெற்றது அந்த ஒருமுறைதான்.

'5 ஓ'க்ளாக் ஹீரோ' தட்டும் இறக்குமதிதானா?

ஆம், இம்முறை நெதர்லாந்திலிருந்து. 'தி கிஃப்ட்' ஆல்பத்தில் உள்ள, மாலை ஐந்து மணிக்குக் களைத்து வீடு திரும்பும் உழைப்பாளியைப் பற்றிய பாடல். இறக்குமதியாகவே எட்டாம் இடத்துக்குப் போனது என்பதைத் தவிர இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

'தி பிட்டரஸ்ட் பில்' ஒரு கேலிப் பாடலா?

இந்தக் கேள்விக்கு ரசிகர்களிடையே ஒரே விடை கிடையாது. காதலி வேறொருவரை மணந்துகொண்டதால் கசந்துபோனவன் பாடும் சோகப் பாடல் அது. வயலின்கள் உண்டு, தி பெல் ஸ்டார்ஸ் குழுவின் ஜெனி மத்தையஸ் உடன்பாடியிருக்கிறார். சோகம் அளவுக்கு மிஞ்சி, தன்னைத்தானே சற்று நையாண்டி செய்துகொள்வதுபோல் ஒலிக்கிறது. பழைய ரசிகர்கள் சிலருக்கு இது துரோகமாகப் பட்டது. 'ராக்கி' படவரிசையின் மூன்றாம் படத்துக்காக சர்வைவர் குழு பாடிய 'ஐ ஆஃப் தி டைகர்' முதலிடத்தில் அசையாமல் இருந்ததால் இது இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை.

கேலியோ மெய்யோ, இந்தப் பாடலைப் பாடும் மனிதர் தன் மனத்தளவில் குழுவை விட்டு வெளியேறிவிட்டார் என்பது கேட்கும்போதே தெரிகிறது. தட்டு கடைக்கு வருமுன்பே, அந்தக் கோடையில், மற்ற இருவரிடமும் அவர் அதைச் சொல்லியிருந்தார்.

வெற்றியின் உச்சத்தில் ஏன் குழுவைக் கலைத்தார்?

1982 அக்டோபர் இறுதியில் பிரிவு அறிவிக்கப்பட்டபோது வெல்லருக்கு வயது 24. பணத் தகராறோ பொறாமையோ காரணமாகக் கூறப்படவில்லை. தாங்கள் பழசாகிக் கசந்துபோகுமுன், செய்தவற்றுக்கு மதிப்பு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். தந்தை ஜான் வெல்லரே மனத்தை மாற்ற முயன்றார், பயனில்லை. ஃபாக்ஸ்டனும் பக்லரும் இந்த முடிவை விரும்பவில்லை. அந்த வருத்தம் பல ஆண்டுகள் நீடித்தது.

இசையிலும் காரணம் இருக்கிறது. 'ஃபியூனரல் பையர்' தொடங்கி வரிசையாகக் கேட்டுவருபவர், ஊதுகருவி, ஆர்கன், வயலின், பெண் குரல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்வதையும், மூவர் இசை மெல்ல ஓரம் போவதையும் காணலாம். வெல்லர் தேடிய ஓசைக்கு இந்த மூவர் அமைப்பு போதவில்லை. 1983 மார்ச்சிலேயே மிக் டால்பட்டோடு சேர்ந்து தி ஸ்டைல் கவுன்சில் குழுவின் முதல் சிங்கிளை வெளியிட்டுவிட்டார்.

கடைசித் தட்டான 'பீட் சரண்டர்' எப்படிப்பட்டது?

விடைபெறும் தட்டு என்றாலும் அழுகை இல்லை. பியானோவும் ஊதுகருவிகளுமாகக் கொண்டாட்டம். உடன்பாடிய டிரேசி யங் அப்போது பதின்பருவத்தினர். தம் புதிய இசைத்தட்டு நிறுவனமான ரெஸ்பாண்டுக்குப் பாடகி தேவை என்று 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' இதழ் வழியாக வெல்லர் கேட்டதற்கு விண்ணப்பித்துத் தேர்வானவர். இரட்டைத் தட்டாகவும் வந்த இந்த வெளியீட்டில் கர்டிஸ் மேஃபீல்டின் 'மூவ் ஆன் அப்' உள்ளிட்ட அமெரிக்க சோல் பாடல்களை அவர்கள் தங்கள் பாணியில் பாடியிருக்கிறார்கள்.

வெளியான வாரத்திலேயே முதலிடம். ஆக, அவர்களுடைய நான்கு முதலிடப் பாடல்களில் 'ஸ்டார்ட்!' ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் நேராக உச்சத்தில் நுழைந்தவை. டிசம்பரின் முதல் ஐந்து நாட்களும் லண்டனின் வெம்பிளி அரங்கில் பாடினார்கள். 11-ஆம் தேதி பிரைட்டனில் கடைசி நிகழ்ச்சி. 'பீட் சரண்டர்' இரண்டு வாரத்தில் இறங்க, ரெனே–ரெனாட்டோ என்னும் இருவர் பாடிய 'சேவ் யுவர் லவ்' முதலிடத்துக்கு வந்தது. அந்தக் காதல் பாடலைக் கேட்டவர்களுக்கு ஒரு காலம் முடிந்துவிட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்திராது.

பிரிந்த பிறகு பழைய தட்டுகள் மீண்டும் தரவரிசையில் ஏறினவாமே?

1983 ஜனவரியில் பாலிடோர் நிறுவனம் பழைய சிங்கிள்களை மீண்டும் கடைகளுக்கு அனுப்பியது. 1977-ஆம் ஆண்டின் முதல் தட்டான 'இன் தி சிட்டி' தொடங்கிப் பல தட்டுகள் ஒரே நேரத்தில் முதல் நூறு இடங்களுக்குள் வந்து நின்றன. உள்நாட்டில் வெளியாகாதிருந்த 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்' தட்டுக்கும் அப்போது கதவு திறந்தது. 'கோயிங் அண்டர்கிரவுண்ட்' வெற்றிக்குப் பிறகு 1980-லும் இதேபோல் பழைய தட்டுகள் மறுபடி ஏறியதுண்டு.

அமெரிக்காவில் இவை ஏன் எடுபடவில்லை?

அமெரிக்கத் தரவரிசையை வெளியிடும் பில்போர்டு இதழின் முதல் நூறு பாடல்களில் தி ஜாம் சிங்கிள் எதுவும் இடம்பெற்றதில்லை. பால் வண்டி, சுரங்க ரயில் நிலையம், ஈட்டன் பள்ளி என்று பாடல்கள் முழுக்க ஆங்கிலேய வாழ்க்கை, உச்சரிப்பும் அப்படியே. அங்கே வெல்ல வேண்டுமானால் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். அதற்கான பொறுமையும் விருப்பமும் வெல்லருக்கு இருக்கவில்லை.

இவை எல்லாவற்றையும் இன்று எதில் கேட்கலாம்?

1983 அக்டோபரில் வந்த 'ஸ்னாப்!' என்னும் இரட்டைத் தொகுப்பு சிங்கிள்களைக் கால வரிசையில் அடுக்கித் தருகிறது. முதல் பிரதிகளோடு வெம்பிளி மேடைப் பதிவுகள் கொண்ட சிறு தட்டும் இருந்தது. மறுஆண்டு குறுந்தட்டாக வந்த 'காம்பாக்ட் ஸ்னாப்!' இடப்பற்றாக்குறையால் எட்டுப் பாடல்களை உதறிவிட்டது. ஆகவே பெயர் பார்த்து வாங்க வேண்டும். பின்பக்கப் பாடல்களையும் முன்னோட்டப் பதிவுகளையும் 1992-ஆம் ஆண்டின் 'எக்ஸ்ட்ராஸ்' தொகுப்பில் காணலாம். ஸ்டுடியோ பதிவுகளை ஒருசேர வேண்டுபவர்களுக்கு 1997-ல் ஐந்து குறுந்தட்டுகளாக வந்த 'டைரக்‌ஷன் ரியாக்‌ஷன் கிரியேஷன்' இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: 'ஸ்னாப்!' தொகுப்பில் உள்ள 'ஃபியூனரல் பையர்' மறுகலவை. 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்' ஆல்பத்தில் உள்ள பதிவு அன்று, அதற்கு முந்தைய முன்னோட்டப் பதிவு. 1981-ல் கடையில் வாங்கியவர்கள் கேட்ட கலங்கலான டிரம்ஸ் ஓசையை அதே கலங்கலோடு கேட்க விரும்புபவர்கள் பழைய ஏழு அங்குலத் தட்டைத் தேடிப் பிடிப்பதே நல்லது.